செட்டிநாட்டில் குழந்தைகள் திட்டத்தை மதிப்பிட இறங்குவோருக்கு

உங்கள் ஊரில் மாலை நேரப் படிப்பகம் ஒன்று நடக்கிறது என்று வையுங்கள். இடம் கொடுத்தது ஒரு குடும்ப டிரஸ்ட். சுண்டல் போடுவது மகளிர் குழு. பிள்ளைகளை அனுப்புவது பள்ளி. சின்னப் பிள்ளைகளுக்கு எடை பார்ப்பது அங்கன்வாடி. பணம் ஒரு கம்பெனியின் சி.எஸ்.ஆர். (கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு) நிதி. மூன்று வருடம் ஓடியதும் "இதனால் என்ன பயன்?" என்று யாராவது கேட்பார்கள். "நீதான் படிச்ச பிள்ளை, ஒரு ரிப்போர்ட் போட்டுக் குடு" என்று வேலை உங்கள் கைக்கு வரும்.

எனக்கு அப்படித்தான் வந்தது. காரைக்குடியைச் சுற்றி ஆறு ஊர், நான்கு வாரத்தில் முடித்துவிடலாம் என்று நினைத்தேன். ஐந்து மாதம் ஆனது. அதில் இரண்டு மாதம் அனுமதிக் கடிதத்துக்காக அலைந்தேன். ஒரு மாதம் உதவாத கேள்வித்தாளைத் தூக்கிக்கொண்டு வீடு வீடாகப் போனேன். அந்த மூன்று மாதமாவது உங்களுக்கு மிச்சமாக வேண்டும்.

1. யார் என்ன தருவதாகச் சொன்னார்கள்?

பிள்ளைகளிடம் போவதற்கு முன் கூட்டாளிகளிடம் போங்கள். ஒவ்வொருவரையும் தனியாக உட்கார வைத்து இரண்டே கேள்வி: நீங்கள் என்ன தருவதாகச் சொன்னீர்கள்? மற்றவர்கள் என்ன தருவார்கள் என்று நம்பினீர்கள்? பதில்களை ஒரே தாளில் பக்கம் பக்கமாக எழுதிப் பார்த்தால் பாதிச் சிக்கல் அங்கேயே தெரிந்துவிடும். எங்கள் திட்டத்தில், படிப்பில் பின்தங்கிய பிள்ளைகளுக்கு மட்டும்தான் படிப்பகம் என்று பள்ளி நினைத்திருந்தது. வருகிற எல்லோருக்கும் என்று டிரஸ்ட் நினைத்திருந்தது. மகளிர் குழு 40 பேருக்குச் சுண்டல் வேகவைத்தது; வந்தது 60 பேருக்கு மேல். கடைசியில் நின்ற பிள்ளைகளுக்கு அரைக் கரண்டிதான். மூன்று பேர் மேலும் தப்பில்லை, மூவரும் ஒருநாளும் ஒன்றாக உட்கார்ந்து பேசவில்லை.

கேட்டு வாங்க வேண்டிய ஆவணங்கள்: முதலில் எழுதிய திட்ட முன்மொழிவு, புரிந்துணர்வு ஒப்பந்தம் இருந்தால் அதன் நகல், வருகைப் பதிவேடு, மகளிர் குழுவின் தீர்மான நோட்டு, பொருள் இருப்புப் பதிவேடு, செலவு வவுச்சர்கள், பணம் கொடுத்தவர்களுக்கு அனுப்பிய அறிக்கைகள். எல்லாம் கைக்கு வர எங்களுக்கு மூன்று வாரம் ஆனது. வருகைப் பதிவேட்டின் மூல நோட்டையே கேளுங்கள். கணினியில் ஏற்றிய அட்டவணை போதாது.

ஏன் என்றால், நோட்டைப் பார்த்தாலே சில விஷயம் தெரியும். ஒரு மாதம் முழுக்க ஒரே மையில், ஒரே சாய்வில் டிக் இருந்தால் அது அன்றன்று போட்டதில்லை. ஒரு நோட்டில் மாட்டுப் பொங்கலன்றும் 38 பேர் வந்ததாக இருந்தது. அன்று இந்தப் பக்கத்தில் எந்தப் பிள்ளை நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருக்கும்? இதைப் பார்த்ததும் தன்னார்வலரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றிவிடாதீர்கள். மாதக் கடைசியில் மேலே இருந்து எண்ணிக்கை கேட்டு நெருக்கியிருப்பார்கள். வருகையை இருப்புப் பதிவேட்டோடு வைத்துப் பாருங்கள். ஒரு கிலோ கொண்டைக்கடலை வேகவைத்தால் எத்தனை பிள்ளைக்கு வரும் என்று குழு அக்காவுக்கு மனப்பாடமாகத் தெரியும். எடுத்த கடலையிலிருந்து வந்த பிள்ளைகளின் கணக்கை அவரே போட்டுக் காட்டிவிட்டார்.

2. அனுமதிக் கடிதங்கள்

எனக்கு அதிக நாள் வீணானது இதில்தான். வாய்வார்த்தையை நம்பிப் பள்ளிக்குப் போகாதீர்கள். தலைமையாசிரியர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும், மேலிடத்துக் கடிதம் இல்லாமல் வெளியாள் பிள்ளைகளோடு பேச அவர் விடக் கூடாது, விடாததுதான் சரி.

அங்கன்வாடிக்கு அந்த வட்டாரத்தின் குழந்தை வளர்ச்சித் திட்ட அலுவலரிடமும், மாவட்டத் திட்ட அலுவலரிடமும் கடிதம் கொடுக்க வேண்டும். பள்ளிகளுக்கு முதன்மைக் கல்வி அலுவலர் அலுவலகத்தில் மனுக் கொடுத்து, நகலை வட்டாரக் கல்வி அலுவலருக்கும் கொடுத்துவிடுங்கள்.

இங்கே புதிதாக வருபவர்கள் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. செட்டிநாடு என்று நாம் ஒரே பேராகச் சொன்னாலும் அரசுக் கணக்கில் அது இரண்டு மாவட்டம். காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், ஆத்தங்குடி எல்லாம் சிவகங்கை. ராயவரம், அரிமளம், கோனாபட்டு பக்கம் புதுக்கோட்டை. உங்கள் திட்டம் இரண்டு பக்கமும் நடந்தால் எல்லாக் கடிதமும் இரண்டு தடவை. போதாததற்கு 2024இல் காரைக்குடி மாநகராட்சியானபோது பக்கத்து ஊர்கள் சில அதற்குள் போய்விட்டன. பழைய பதிவேட்டில் ஊராட்சி என்று இருக்கும் ஊர் இன்று மாநகராட்சி வார்டாக இருக்கலாம். கடிதம் எழுதும் முன் ஒவ்வொரு ஊரும் இன்று எந்த அலுவலகத்தின் கீழ் வருகிறது என்று ஒரு பட்டியல் போட்டுக்கொள்ளுங்கள்.

மனு ஒரு பக்கம் போதும். அதோடு இணைக்க வேண்டியவை: டிரஸ்ட் பதிவுச் சான்றின் நகல், களத்துக்குப் போகிறவர்களின் பெயரும் அடையாளச் சான்றும், கேள்வித்தாள், பெற்றோர் ஒப்புதல் படிவம், எந்தெந்த நாளில் எந்த ஊர் என்ற அட்டவணை. பிள்ளைகளின் முகம் தெரியப் படம் எடுக்க மாட்டோம் என்று ஒரு வரி கட்டாயம் எழுதுங்கள். உங்கள் நகலில் தேதியோடு பெற்றுக்கொண்ட முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள். நான் முதல் தடவை வாங்கவில்லை. மூன்று வாரம் கழித்துப் போய்க் கேட்டபோது தபால் பிரிவில் என் மனுவே இல்லை. மறுபடி முதலிலிருந்து. ஆறு வாரம் ஒதுக்கி வையுங்கள்.

மாணவர் எண்ணிக்கை போன்ற விவரம் கேட்டும் கிடைக்காவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005 இருக்கிறது. 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி மனுப் போட்டால் 30 நாளில் பதில் தர வேண்டும். ஆனால் நேரில் இரண்டு தடவை பணிவாகக் கேட்ட பிறகே அதற்குப் போங்கள். எடுத்த எடுப்பில் அந்த மனுவைப் போட்டால், நாளைக்கு நீங்கள் உதவி கேட்டுப் போகும் வாசல் மூடிவிடும்.

3. நாள் குறிப்பது

ஜூலையும் ஆகஸ்ட்டும்தான் நல்ல காலம். ஜூனில் பள்ளி சேர்க்கைப் பரபரப்பில் இருக்கும். செப்டம்பரில் காலாண்டுத் தேர்வு. தையில் பொங்கல், மஞ்சுவிரட்டு, கதிர் அறுப்பு. மாசி, பங்குனியில் ஊருக்கு ஊர் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருப்பார்கள். மே மாதத்தை நினைத்தே பார்க்காதீர்கள். நான் மே மாதம் ஒரு ஊருக்குப் போய் 30 வீட்டுக் கதவைத் தட்டினேன், 19 வீடு பூட்டிக் கிடந்தது. பிள்ளைகள் அம்மாச்சி வீட்டுக்குப் போயிருந்தார்கள்.

வீட்டுக்குப் போக நல்ல நேரம் மாலை ஐந்திலிருந்து ஏழு. பகலில் நூறு நாள் வேலைக்கோ, டைல்ஸ் பட்டறைக்கோ, காட்டு வேலைக்கோ போயிருப்பார்கள்.

திட்டம் இப்போதுதான் தொடங்குகிறது என்றால் நீங்கள் கொடுத்துவைத்தவர். முதல் மாதமே பிள்ளைகளின் வாசிப்பையும் எடையையும் எழுதி வைத்துவிடுங்கள். எங்களிடம் அது இல்லை. மூன்று வருடம் முன்பு அந்தப் பிள்ளை எப்படிப் படித்தது என்று யார் நினைவிலிருந்து சொல்வது?

4. செலவு

எங்களுக்கு ஆனதைச் சொல்கிறேன். ஆறு ஊர், 96 வீடு, களத்தில் இரண்டு பெண்கள், 12 நாள். ஆளுக்கு நாளொன்றுக்கு 700 வீதம் 16,800 ரூபாய். போக்குவரத்து 5,400. அச்சும் நகலும் 3,200. எடைக்கருவி 1,800. விவரங்களைக் கணினியில் ஏற்ற 6,000. ஊர்க் கூட்டங்களுக்கும் தேநீருக்கும் 4,000. இதுவரை 37,200. ஆள் இல்லாத வீடுகளுக்கு மறுபடி போன செலவு 4,800; அதை நாங்கள் கணக்கிலேயே எடுத்திருக்கவில்லை. மொத்தம் 42,000.

மகளிருக்குச் சாதாரண நகரப் பேருந்தில் கட்டணம் இல்லை என்பதால் போக்குவரத்துக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தோம். மாலை ஏழரைக்கு வேலை முடியும்போது உள்ளடங்கிய ஊர்களிலிருந்து திரும்பப் பேருந்து இருப்பதில்லை. ஆட்டோவுக்குப் பணம் வைத்துக்கொள்ளுங்கள். களப் பெண்களை இருட்டில் நடக்க விடாதீர்கள்.

பணம் எங்கிருந்து வரும்? கம்பெனி தரும் என்று இருந்துவிட முடியாது. சி.எஸ்.ஆர். விதிகளின்படி தாக்க மதிப்பீடு (திட்டத்தால் என்ன பயன் என்று பார்ப்பது) கட்டாயமாவது, முந்தைய மூன்று நிதியாண்டுகளில் சராசரியாக 10 கோடி ரூபாயோ அதற்கு மேலோ சி.எஸ்.ஆருக்குச் செலவிட வேண்டிய கம்பெனிகளுக்கு. அதிலும் 1 கோடிக்குக் குறையாத திட்டங்களுக்கு. நம் ஊர்ப் படிப்பகம் அந்தக் கணக்குக்குள் வராது. ஆகவே திட்டத்தின் பட்ஜெட் போடும்போதே 5 முதல் 10 விழுக்காட்டை மதிப்பீட்டுக்கு என்று தனியே எழுதச் சொல்லிக் கேளுங்கள். பிறகு கேட்டால் கிடைக்காது, சுண்டல் காசில்தான் கை வைப்பார்கள்.

5. கேள்வித்தாள்

ஆங்கிலத்தில் வந்த 14 பக்கப் படிவத்தைத் தமிழாக்கி எடுத்துக்கொண்டு போனேன். "குழந்தையின் சமூக, உணர்வு வளர்ச்சியில் திட்டத்தின் தாக்கம் எத்தகையது?" என்று ஒரு கேள்வி. அந்த அப்பத்தா என்னைப் பார்த்து, "ஏத்தா, நீ என்ன கேக்குறங்கிறதே வெளங்கலையே" என்றார். இரண்டு நாளில் ஒன்பது வீடுதான் முடிந்தது. அதே கேள்வியைப் பிறகு இப்படி மாற்றினேன்: "சாயங்காலம் படிப்பகம் விட்டு வந்ததும் உங்க பேரன் என்ன செய்வான்? போன வருசம் இந்த நேரத்துல என்ன செஞ்சுக்கிட்டு இருந்தான்?" அவர் பத்து நிமிடம் பேசினார்.

பன்னிரண்டு கேள்விக்கு மேல் வேண்டாம், இருபது நிமிடத்தைத் தாண்டவும் வேண்டாம். "திருப்தியா?" என்று கேட்காதீர்கள். வீடு தேடி வந்த ஆளிடம் குறை சொல்வது இங்கே பழக்கமில்லை. "நல்லாத்தான் இருக்கு, காப்பி குடிங்க" என்றுதான் பதில் வரும். பொதுவாகக் கேட்காமல் நேற்றைப் பற்றிக் கேளுங்கள். நேற்றுப் போனானா, யார் கொண்டுபோய் விட்டது, என்ன சாப்பிட்டான், எத்தனை மணிக்குத் திரும்பினான்.

இன்னொன்று. படிவத்தில் 'தாய் கையொப்பம்' என்று அச்சடித்துவிடாதீர்கள். அப்பா சிங்கப்பூரிலோ துபாயிலோ, அம்மா திருப்பூரிலோ இருக்க, அப்பத்தா வளர்க்கும் பிள்ளைகள் இங்கே நிறைய. 'பிள்ளையை வளர்ப்பவர்' என்று போடுங்கள். கைநாட்டு வைக்க இடமும் விடுங்கள்.

6. எந்த வீட்டுக்குப் போவது?

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதென்றால் இதை வையுங்கள்.

ஒருங்கிணைப்பாளர் உங்களை அழைத்துப்போகும் வீட்டுக்கு முதலில் போகாதீர்கள். அவர் நல்ல மனதோடுதான் அழைப்பார், நன்றாகப் படிக்கும் பிள்ளையின் வீட்டைக் காட்டத்தான் யாருக்கும் ஆசை இருக்கும். நீங்கள் மூன்று பட்டியல் போடுங்கள். தொடர்ந்து வரும் பிள்ளைகள், வந்து நின்றுபோன பிள்ளைகள், ஒருநாளும் வராத பிள்ளைகள். மூன்றாவது பட்டியல் வருகைப் பதிவேட்டில் கிடைக்காது. அங்கன்வாடி அக்காவிடமும் பள்ளி மேலாண்மைக் குழுவில் இருக்கும் பெற்றோரிடமும் கேட்டால் கிடைக்கும். ஒவ்வொரு பட்டியலுக்கும் பெயர்களைச் சீட்டில் எழுதி, ஊரார் முன்னால் ஒரு சின்னப் பிள்ளையை விட்டுக் குலுக்கி எடுக்கச் சொல்லுங்கள். "எங்க வீட்டுக்கு ஏன் வரல?" என்ற மனத்தாங்கலும் அதோடு தீரும். மொத்தமே நூறு பிள்ளைக்குள் இருந்தால் குலுக்கலே வேண்டாம், எல்லா வீட்டுக்கும் போய்விடுங்கள்.

நின்றுபோன பிள்ளை ஒன்றின் வீட்டில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஏழாம் வகுப்புப் பெண். பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே டிக் இருந்தது, ஆள் வருவது நின்று நான்கு மாதம் ஆகியிருந்தது. அவள் அம்மா திண்ணையில் உட்கார்ந்து முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டே எல்லாக் கேள்விக்கும் "நல்லாத்தான் சொல்லிக் குடுக்குறாக" என்றார். படிவம் முடிந்தது. பேனாவை மூடிப் பைக்குள் வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டேன். செம்பைக் கொடுத்துவிட்டு நின்றவர் சொன்னார்: "ஆறு மணிக்கு மேல அந்தப் பெரிய வீட்டுச் சந்து வழியா வரணும். ரெண்டு பக்கமும் பூட்டுன வீடு. லைட்டு எரியிறதில்ல. வயசுக்கு வந்த பிள்ளைய எப்புடி அனுப்புறது?"

செட்டிநாட்டுத் தெருவைப் பார்த்தவர்களுக்கு அவர் சொன்னது புரியும். ஒரு வீடே ஒரு தெருவிலிருந்து அடுத்த தெருவரை நீளும். ஆளில்லாத வீடாக இருந்தால் அந்த மதில் முழுக்க ஒரு சன்னல் வெளிச்சம்கூட இருக்காது. அந்த ஊரில் ஆறாம் வகுப்புக்கு மேல் நின்றுபோன எல்லாப் பெண் பிள்ளைகள் வீட்டுக்கும் மறுபடி போனேன். ஐந்தில் நான்கு வீட்டில் அதே சந்து. தெருவிளக்கைப் பார்க்க வேண்டிய உள்ளாட்சி எங்கள் கூட்டாளிப் பட்டியலிலேயே இல்லை. மூன்று வருடம் புத்தகம், சுண்டல், ஆசிரியர் பயிற்சி என்று செலவழித்த திட்டத்தில் பெண் பிள்ளைகள் நின்றதற்குக் காரணம், மாற்றாமல் கிடந்த ஒரு பல்பு.

தொடர்ந்து வரும் பிள்ளைகளின் வீட்டுக்கு மட்டும் போயிருந்தால் இது எனக்குத் தெரிந்தே இருக்காது. அதனால்தான் நேரம் குறைந்தாலும் பணம் குறைந்தாலும் முதல் பட்டியலில் வீட்டைக் குறையுங்கள். இரண்டாவதிலும் மூன்றாவதிலும் குறைக்காதீர்கள். பேனாவை மூடிய பிறகு ஐந்து நிமிடம் சும்மா உட்கார்ந்திருங்கள்.

7. வாசிப்பும் எடையும்

வாசிப்புக்கு நான்கு படி போதும்: எழுத்து, சொல், சின்னப் பத்தி, சின்னக் கதை. பாடப்புத்தகத்திலிருந்து எடுக்காதீர்கள். ஒரு பையன் பத்தியைத் தடங்கலில்லாமல் சொன்னான், விரலை நடுவில் ஒரு சொல்லின் மேல் வைத்து "இது என்ன?" என்றேன், பேசாமல் என் முகத்தையே பார்த்தான். முழுதும் மனப்பாடம். ஆசிரியர் பக்கத்தில் நிற்காமல், எல்லோர் கண்ணுக்கும் தெரியும் இடத்தில், ஒரு பிள்ளையாக உட்கார வைத்துக் கேளுங்கள். ஒரு வருடம் கழித்துக் கூடுதலாக வாசிக்கிறான் என்பதால் அது படிப்பகத்தால் வந்தது ஆகிவிடாது, ஒரு வகுப்பும் ஏறியிருக்கிறான். படிப்பகம் இல்லாத பக்கத்து ஊரில் அதே வகுப்புப் பிள்ளைகள் சிலரையும் கேட்டு ஒப்பிட்டால்தான் ஏதாவது சொல்ல முடியும். அந்த ஊரில் "உங்களுக்கும் தொடங்குவோம்" என்று வாய் தவறிக்கூடச் சொல்லிவிடாதீர்கள்.

எடைக்கருவியைச் சமதரையில் வைத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் முன் பூச்சியம் காட்டுகிறதா என்று பாருங்கள். இரண்டு வயதுக்குக் கீழே படுக்க வைத்து நீளம், அதற்கு மேல் நிற்க வைத்து உயரம். ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளுக்குக் கை நடுப்பகுதியின் சுற்றளவை நாடாவால் அளக்கலாம். 11.5 சென்டிமீட்டருக்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டக்குறைவு, 11.5 முதல் 12.5க்குள் என்றால் மிதமானது. நாடாவில் சிவப்பு, அதாவது 11.5க்குக் கீழே, காட்டும் பிள்ளையை எழுதிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போய்விடக் கூடாது. அன்றைக்கே அங்கன்வாடிக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்துக்கும் தெரியப்படுத்த வேண்டும். அதற்கான ஏற்பாடு இல்லாவிட்டால் நாடாவை எடுத்துப் போகாதீர்கள்.

8. ஒப்புதலும் பாதுகாப்பும்

பெரியவரின் ஒப்புதல் எழுத்தில், பிள்ளையின் சம்மதம் வாயால். இரண்டும் வேண்டும். 2023ஆம் ஆண்டின் மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குட்பட்ட எல்லோரையும் குழந்தை என்றே கொள்கிறது. அதனால் பிள்ளைகளின் பெயர், தெரு, எடையை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது. படிவத்தில் எண் மட்டும் இருக்கட்டும்; எண்ணுக்குரிய பெயர்கள் தனி நோட்டில், ஒருவர் பொறுப்பில்.

பேச்சுவாக்கில் ஒரு பிள்ளை தனக்கு நேர்ந்த பாலியல் கொடுமையைச் சொல்லலாம். "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். போக்சோ சட்டம், 2012இன்படி அது தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணையும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகின் எண்ணையும் களத்துக்குப் போகும் ஒவ்வொருவரும் கையோடு வைத்திருக்க வேண்டும். இதை முதல் நாள் பயிற்சியிலேயே பேசிவிடுங்கள்.

9. ரிப்போர்ட்டை ஊருக்குத் திருப்பிக் கொடுப்பது

பணம் கொடுத்தவருக்கு 20 பக்கம் எழுதுங்கள், தவறில்லை. ஊருக்கு ஒரு பக்கம் போதும். பெரிய எழுத்தில் மூன்று விஷயம்: என்ன பார்த்தோம், எது நடக்கவில்லை, யார் எதை எந்தத் தேதிக்குள் செய்வதாக ஒப்புக்கொண்டார்கள். அச்சுக்குப் போகும் முன் கூட்டாளிகள் எல்லோரையும் ஒரே அறையில் உட்கார வைத்து வாசித்துக் காட்டுங்கள். தன்னைப் பற்றிய குறையை யாரும் முதன்முதலாக அச்சில் பார்க்கக் கூடாது. எங்கள் கூட்டத்தில் சுண்டல் விஷயம் வந்தபோது பள்ளியும் டிரஸ்ட்டும் குழுவும் அங்கேயே பேசி 60 பேருக்கு என்று முடிவெடுத்தார்கள். கால் மணி நேரம் ஆகியிருக்கும்.

ஊராட்சியாக இருந்தால் கிராம சபையில் வையுங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு உண்டு. களவேலை ஆகஸ்ட்டில் முடிந்தால் அக்டோபர் 2 சரியாக வரும். கானாடுகாத்தான், பள்ளத்தூர் போன்ற பேரூராட்சிகளில் கிராம சபை கிடையாது. அங்கே வார்டு மக்கள் கூடும் பகுதி சபையில் பேசலாம், செயல் அலுவலரிடம் மனுவாகவும் கொடுக்கலாம். தெருவிளக்குக்கு நாங்கள் கொடுத்த மனுவில் மின்கம்ப எண்ணையும் எழுதியிருந்தோம். கம்ப எண் இல்லாமல் 'பெரிய வீட்டுச் சந்து' என்று மட்டும் முன்பு யாரோ கொடுத்த மனு அப்படியே கிடந்தது. எங்கள் மனுவுக்குப் பதினாறாம் நாள் விளக்கு எரிந்தது.

கடைசியாக, ஆறு மாதம் கழித்து ஒரு தேதியை நாட்காட்டியில் குறித்து, அதற்கு இரண்டு நாள் கூலியும் ஆட்டோ காசும் இப்போதே எடுத்து வைத்துவிடுங்கள். இரண்டாவது பட்டியலில் இருந்த வீடுகளுக்கு மட்டும் திரும்பப் போக வேண்டும். நான் போனபோது அந்த ஏழாம் வகுப்புப் பெண் வீட்டில் இல்லை. "படிப்பகத்துக்குப் போயிருக்கா, உக்காருங்க, ஏழு மணிக்கு வந்துருவா" என்றார் அவள் அம்மா.